நாற்பது வயதிற்குப் பின் வள்ளி கும்மி கற்போர் அறிந்துகொள்ள வேண்டியவை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில், மாலை ஏழு மணிக்கு மேல் கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ பாட்டும் கைத்தட்டலும் சேர்ந்து ஒலிப்பது இன்று வழக்கமான காட்சியாகிவிட்டது. வள்ளி கும்மிப் பயிற்சி அங்கு நடைபெறுகிறது. சிறுமியர் ஆடும் வரிசையிலேயே அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் நின்று ஆடுகின்றனர். அவர்களுள் பலர் பள்ளிப் பருவத்திற்குப் பின் எந்த ஆட்டமும் ஆடாதவர்கள்; நாற்பது, ஐம்பது வயதில் முதன்முறையாகக் கற்கத் தொடங்கியவர்கள்.

இவ்வாறு பயிற்சிக்குச் சென்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எமது புறநோயாளர் பிரிவிற்கு வந்தார். பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் ஆடிக்கொண்டிருக்கும்போதே வியர்த்து, கண் இருண்டு, கீழே அமர்ந்துவிட்டார். "இந்த வயதில் உனக்கு இது தேவையா?" என்று வீட்டார் கேட்டுவிட்டனர். "கும்மியை விட்டுவிட வேண்டுமா?" என்று அவர் எம்மிடம் கேட்டார். விசாரித்தபோது காரணம் தெளிவாயிற்று. அவர் நீரிழிவு நோய்க்காக இரவு உணவிற்கு முன் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை மறந்துவிடக் கூடாது என்று, பயிற்சிக்குப் புறப்படும்போதே விழுங்கிவிட்டு, ஆடி முடித்து வந்தபின் உணவு உண்டிருக்கிறார். இரத்தத்தில் சர்க்கரை அளவு குறைந்ததே அந்த மயக்கத்திற்குக் காரணம். தவறு வயதிலும் இல்லை, ஆட்டத்திலும் இல்லை. மாத்திரை எடுத்துக்கொண்ட நேரத்தில் இருந்தது.

இதுபோன்ற சிறு காரணங்களால் ஒரு நல்ல பழக்கத்தை இடையில் கைவிடுவோர் பலர். நடுவயதில் வள்ளி கும்மி பயிலத் தொடங்குவோர் எவ்வாறு பாதுகாப்பாகத் தொடங்கி, தொடர்ந்து ஆடலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒயிலாட்டம், கோலாட்டம் போன்ற பிற குழு ஆட்டங்களுக்கும் இவ்வறிவுரைகளுள் பெரும்பாலானவை பொருந்தும்.

வள்ளி கும்மி: ஒரு சுருக்கமான அறிமுகம்

வட்டமாகவோ வரிசையாகவோ நின்று, கைகளைத் தட்டி, அதற்கேற்பக் காலடி வைத்து ஆடுவது கும்மி. வள்ளியை முருகப்பெருமான் மணந்த கதையைப் பாடி ஆடுவது வள்ளி கும்மி. ஆசிரியர் முன்பாட்டுப் பாட, ஆடுவோர் பின்பாட்டுப் பாடுவர். பாட்டின் வேகம் கூடக் கூட ஆட்டத்தின் வேகமும் கூடும். குனிதல், நிமிர்தல், திரும்புதல், முன்னும் பின்னும் அடியெடுத்தல், சிறு துள்ளல் ஆகியவை இதில் மாறிமாறி வரும்.

முற்காலத்தில் பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்துப் பரப்பியவர்களுள் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் எம். பத்திரப்பன் குறிப்பிடத்தக்கவர். அவருக்கு 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 87. உடல் ஒத்துழைக்கும் வரையில் ஆட்டத்திற்கு வயது வரம்பு இல்லை என்பதற்கு அவரே சான்று.

பயிற்சி சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும். நிறைவில் ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம் நடைபெறும். பயிற்சிக் காலத்தில் உடலைப் படிப்படியாகப் பழக்கியவர் அரங்கேற்றத்தை எளிதில் நிறைவு செய்வார். அவ்வாறு பழக்காமல் ஆர்வத்தால் மட்டும் ஆடுபவருக்கு மூட்டு வலியும் தசைப்பிடிப்பும் ஏற்பட வாய்ப்பு மிகுதி.

உடலுக்குக் கிடைக்கும் நன்மைகள்

பதினெட்டு முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ளோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிரமான உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்துள்ளது. வாரத்தில் நான்கு மாலைகள், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடங்கள் கும்மி ஆடினால் 160 நிமிடங்கள் ஆகின்றன. நடைப்பயிற்சிக்குத் தனியே நேரம் ஒதுக்க இயலாத இல்லத்தரசிகளுக்கும் தறிக்கூடம், பின்னலாடைத் தொழிற்சாலை ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் இது ஒரு நல்வாய்ப்பு.

நீங்கள் ஆடும் வேகம் மிதமானதா தீவிரமானதா என்பதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை, பின்பாட்டே போதும். மூச்சு வாங்காமல் பின்பாட்டை முழுமையாகப் பாட முடிந்தால் அது இலேசான உழைப்பு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவே முடியவில்லை என்றால் தீவிரமான உழைப்பு. தொடக்க நிலையில் உள்ளவர் முதல் இரண்டு நிலைகளைக் கடந்து செல்லாதிருப்பது நல்லது.

முறையான உடலுழைப்பினால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. இன்சுலின் செயல்திறன் மேம்படுகிறது. இரத்த அழுத்தம் ஓரளவு குறைகிறது. முப்பது வயதிற்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்து வருகிறது. உடல் எடையைக் கால்களே தாங்கி நிற்கும் ஆட்டங்கள் இக்குறைவைத் தாமதப்படுத்த உதவுவதுடன் எலும்பின் உறுதியைக் காக்கவும் துணைபுரிகின்றன. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி விரைந்து குறையும் என்பதால், பெண்களுக்கு இந்நன்மை மிக முக்கியமானது.

எனினும் கும்மி மட்டுமே தசை வலிமைக்குப் போதாது. வாரத்தில் இரண்டு நாட்களாவது, நாற்காலியில் அமர்ந்து கைகளை ஊன்றாமல் எழுதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல் ஆகிய எளிய பயிற்சிகளைப் பத்துப் பத்து முறை செய்யுங்கள்.

மூளைக்கும் மனத்திற்கும் கிடைக்கும் நன்மைகள்

நடைப்பயிற்சியில் கால்கள் இயங்குகின்றன. மனம் எங்கோ இருக்கலாம். கும்மியில் அவ்வாறு இருக்க இயலாது. பாட்டைக் கேட்க வேண்டும், அடுத்த அடியை நினைவுகூர வேண்டும், அருகில் ஆடுபவருடன் ஒத்துப்போக வேண்டும், உடலின் சமநிலையையும் காக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன.

நியூயார்க் நகரில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஆய்வொன்று 2003-இல் வெளியானது. அதில் கேட்டறியப்பட்ட உடலுழைப்பு வகைகளுள், மறதி நோய் ஏற்படும் வாய்ப்புக் குறைவுடன் தொடர்பு காணப்பட்டது நடனம் ஒன்றில் மட்டுமே. ஆயினும் இது கண்காணிப்பு ஆய்வு. நடனமே மறதி நோயைத் தடுத்தது என்று இதனால் உறுதியாகக் கூறிவிட முடியாது. நலமாக இருந்தவர்களே தொடர்ந்து ஆடியிருக்கவும் கூடும். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் நடைபெற்று 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதியோருள் ஒரு குழுவினர் வழக்கமான உடற்பயிற்சியும் மற்றொரு குழுவினர் தொடர்ந்து புதிய புதிய நடன முறைகளும் பயின்றனர். நினைவாற்றலுக்குரிய மூளைப் பகுதியின் அளவு இரு குழுக்களிலுமே கூடியது. உடல் சமநிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் நடனம் பயின்றோரிடம் மட்டுமே காணப்பட்டது. முதுமையில் கீழே விழுவதும் இடுப்பு எலும்பு முறிவதும் எவ்வளவு பெரிய துன்பங்கள் என்பதை அறிந்தோர் இம்முன்னேற்றத்தின் மதிப்பை உணர்வர்.

பிறருடன் ஒரே தாளத்தில் அசைவது வலியைத் தாங்கும் திறனையும் குழுவினரிடையே நெருக்கத்தையும் கூட்டுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனிமையில் இருப்போருக்கும், வீட்டு வேலையே நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வோருக்கும், நாள்தோறும் ஒரு மணி நேரம் பிறருடன் சேர்ந்து பாடி ஆடுவது மனத்திற்கு நல்ல ஆறுதல். கணவரை இழந்தவர்கள் ஆடலாமா என்று சிலர் தயங்குகின்றனர். உடலுழைப்பும் நட்பும் அவர்களுக்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றன என்பதே மருத்துவ நோக்கில் எமது கருத்து. குடும்பத்தார் அவர்களை ஊக்குவிக்க வேண்டும்.

தொடங்கும் முன் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்

நாற்பது வயதைக் கடந்தவர்கள் பயிற்சியில் சேரும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ துணை சுகாதார நிலையத்திற்கோ சென்று இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, உடல் எடை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் உங்கள் இல்லத்திற்கு வரும் பணியாளரிடமும் இதற்கான வழிகாட்டுதலைப் பெறலாம்.

கீழ்க்காண்போர் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்க வேண்டும்:

• நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் வலி, இறுக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் உள்ளவர்கள்
• மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை ஆகியவற்றிற்கு உள்ளானவர்கள்
• இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்
• காரணமின்றி மயக்கம் அடைந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள்
• சிறிய வீழ்ச்சியிலேயே எலும்பு முறிவு ஏற்பட்டவர்கள்
• கர்ப்பிணிகளும் அண்மையில் மகப்பேறு அடைந்தவர்களும்
• காலில் ஆறாத புண் உள்ளவர்கள்

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு

முதலில் மாத்திரையின் நேரம். பெரும்பாலான பயிற்சிகள் இரவு உணவிற்கு முன் நடைபெறுகின்றன. இன்சுலின் ஊசியையோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு, உணவு உண்ணாமல் ஆடச் செல்லாதீர்கள். இவை சர்க்கரையை மிகவும் குறைத்துவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வாபத்து குறைவு. உங்கள் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறியுங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பயிற்சி நேரத்தைக் கூறினால் மருத்துவரே தகுந்தவாறு மாற்றித் தருவார்.

இத்தகைய மருந்து எடுப்போர் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டபின் ஆடுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். உடனே ஆட்டத்தை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். பதினைந்து நிமிடங்களில் சரியாகாவிடில் மீண்டும் அதே அளவு பருகி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நீண்ட நேரம் ஆடிய நாளில் பின்னிரவிலும் சர்க்கரை குறையலாம் என்பதால், இரவு உணவைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது, பாதம். வள்ளி கும்மி பெரும்பாலும் வெறுங்காலில் ஆடப்படுகிறது. நீண்ட நாள் நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்ததும் கல் குத்தியதும் தெரியாது. வலி இல்லாததால் அவர் தொடர்ந்து ஆடுவார். புண் ஆழமாகிச் சீழ் வைத்தபின்னரே மருத்துவமனைக்கு வருவார். விரலை இழக்க நேரிட்டவர்களின் கதை பெரும்பாலும் இவ்வாறு சிறிய காயத்திலேயே தொடங்குகிறது. எனவே பயிற்சியில் சேரும் முன் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் இப்பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், வலி இராது.

உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலில் ஆடக் கூடாது. விரல்களை மூடிய, பின்வார் உள்ள, மென்மையான காலணி அணிந்து ஆடலாம். காலணி அணிய இயலாத கோயில் வளாகத்திற்குப் பதிலாகப் பள்ளி மைதானத்தையோ சமுதாயக் கூடத்தையோ தேர்ந்தெடுக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடியின் துணையுடன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கொப்புளம், வெட்டு, நிறமாற்றம் எதுவாயினும் ஆறும் வரை ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு

மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், நாடியை எண்ணி உழைப்பின் அளவை அறிய இயலாது; முன்னர்க் கூறிய பின்பாட்டுச் சோதனையையே பின்பற்றுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்போர் வியர்வையால் நீர் குறைந்து சோர்வடையலாம். வேகமாக ஆடிக்கொண்டிருந்து சட்டென நின்றுவிட்டால் தலைசுற்றக்கூடும். ஆகவே ஆட்டம் முடிந்தபின் ஐந்து நிமிடங்கள் மெதுவாக நடந்து, அதன்பின் அமருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு

"ஆடினால் மூட்டு மேலும் தேய்ந்துவிடும்" என்னும் அச்சம் பரவலாக உள்ளது. மூட்டுத் தேய்மானத்திற்கு அளவான உடற்பயிற்சி ஒரு சிகிச்சையாகவே பரிந்துரைக்கப்படுகிறது. தொடையின் முன்தசை வலுப்பெற்றால் முழங்காலுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து நொடிகள் நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்யலாம். ஆட்டத்தில் ஆழ்ந்து குனியும் இடங்களில் முழங்காலைப் பாதியளவு மட்டும் மடக்குங்கள். துள்ளும் இடங்களில் ஒரு காலை மட்டும் எடுத்து வையுங்கள். பாதம் தரையில் ஊன்றியிருக்கையில் உடலை மட்டும் திருப்பாதீர்கள். பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள்.

வலியைப் பத்திற்கு மதிப்பிடும்போது மூன்றுக்குள் இருந்து, அடுத்த நாளுக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் இருந்தாலோ வீக்கம் ஏற்பட்டாலோ ஓரிரு நாட்கள் ஓய்வெடுத்து, பின்னர் ஆடும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஆடச் செல்வதை அறவே தவிருங்கள். உடல் தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும். சிறுநீரகத்திற்கும் வயிற்றிற்கும் கேடு விளைவிக்கும்.

வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தொல்லை

துள்ளும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லை, மகப்பேறு கண்ட பெண்கள் பலருக்கு உண்டு. இதன் காரணமாகவே சிலர் ஓரிரு நாட்களில் பயிற்சியிலிருந்து நின்றுவிடுகின்றனர். கேட்டால் முழங்கால் வலி என்கின்றனர். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

சிறுநீரை அடக்குவது போல அத்தசைகளை உள்ளிழுத்து, ஐந்து நொடிகள் நிறுத்தி, பின்னர் ஐந்து நொடிகள் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். இவ்வாறு பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்தால் பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி இப்பயிற்சியைச் செய்யாதீர்கள். கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் பருகாமல் இருப்பதும் தவறு. பயிற்சிக்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட்டுச் சென்றால் போதும். எரிச்சல், இரத்தம் கலந்து வருதல், கருப்பை இறங்கிய உணர்வு ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

முதல் ஆறு வாரங்கள்

• முதல் இரண்டு வாரங்கள்: ஆடும் நேரம் 15 முதல் 20 நிமிடங்கள். எஞ்சிய நேரம் அமர்ந்து பாட்டையும் தாளத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். துள்ளல் வேண்டாம்.
• மூன்று, நான்காம் வாரங்கள்: 30 நிமிடங்கள் வரை. இடையில் ஒருமுறை ஓய்வு.
• ஐந்து, ஆறாம் வாரங்கள்: 40 முதல் 45 நிமிடங்கள். வேகமான பகுதிகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மெதுநடை, கணுக்கால் சுழற்றல், தோள் சுழற்றல் ஆகியவற்றால் உடலை ஆயத்தப்படுத்துங்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களாவது முழு ஓய்வு தேவை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலி தோன்றினால், கடினமான தரையில் அளவுக்கு மேல் ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள். சிமெண்டுத் தரையைவிடச் சமமான மண்தரை நல்லது. கணுக்கால் பிசகியபின் நான்கு அடிகள் கூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்-ரே தேவைப்படும்; எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம்.

அடிகள் நினைவில் நிற்கவில்லை என்று வருந்துவோருக்கு

சிறுவர்கள் இரண்டு நாட்களில் கற்றதை நாம் இரண்டு வாரங்களில் கற்கலாம், அது குறையன்று. உடலியக்கத்தைக் கற்கும் திறன் வயதானபின் சற்று மெதுவாகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முயல்வதைவிட, நான்கு நாட்கள் அரை மணி நேரம் முயல்வதே மனத்தில் பதியும். பகலில் கற்ற இயக்கத்தை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. ஆகவே பயிற்சியின் பொருட்டு உறக்கத்தைக் குறைக்காதீர்கள்.

முதலில் காலடியை மட்டும் பழகுங்கள். கைத்தட்டலைப் பின்னர்ச் சேருங்கள். பாட்டை இறுதியில் சேருங்கள். ஆசிரியர் உங்களை நோக்கி நின்று ஆடினால் இடமும் வலமும் மாறித் தோன்றும். அவர் முதுகு தெரியுமாறு அவருக்குப் பின்வரிசையில் நின்று பழகுவது எளிது. தவறு செய்தால் நின்றுவிடாமல், தாளத்திற்கு ஏற்பக் கையை மட்டும் தட்டிக்கொண்டிருந்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அரங்கேற்ற நாளில் கவனிக்க வேண்டியவை

அரங்கேற்றம் பல மணி நேரம் நீடிக்கக்கூடும். விரதமிருந்து ஆடும் வழக்கமுள்ள குழுக்களில், நீரிழிவு நோய்க்கு மருந்து எடுப்போர் முன்கூட்டியே மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும். உணவின்றி மருந்தும் ஆட்டமும் சேர்வது ஆபத்தானது. பால், பழம், இளநீர் அருந்துவதற்கு இடமளிக்குமாறு ஆசிரியரிடம் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் ஆடுவதற்கு மருத்துவ ரீதியாக எத்தடையும் இல்லை. அரங்கேற்ற நாளில் மாதவிடாய் வந்துவிடும் என்று அஞ்சி, அதைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வழக்கம் உள்ளது. இவை ஹார்மோன் மாத்திரைகள். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு, பக்கவாதம், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இவை தீங்கு விளைவிக்கும். மருத்துவரின் பரிந்துரையின்றி இவற்றை உட்கொள்ளாதீர்கள்.

நண்பகல் வெயிலில் ஆடுவதைத் தவிருங்கள். அரை மணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருகுங்கள். சேலையின் கீழ்க்கரை கணுக்காலுக்கு மேல் இருக்குமாறு கட்டினால் கால் தடுக்கி விழ நேராது. ஒலிபெருக்கிக்கு மிக அருகில் நிற்காதீர்கள்.

உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, அழுத்தம். தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல்
• குளிர்ந்த வியர்வையுடன் குமட்டல், இனம்புரியாத கடும் சோர்வு. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இன்றி இவ்வாறும் வரக்கூடும்
• மயக்கம், தாறுமாறான இதயத் துடிப்பு
• முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல்

இவற்றுள் ஏதேனும் தோன்றினால் வாயுத்தொல்லை என்று கருதிக் காலம் கடத்தாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஒருவர் நினைவிழந்து, மூச்சும் இன்றிக் கிடந்தால், ஊர்தி வரும் வரை அவரது மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு விடாமல் அழுத்துங்கள். தாளம் தவறாமல் கைத்தட்டப் பழகிய குழுவினருக்கு இம்முறை எளிதில் கைவரும். உடல்நல ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஆசிரியர்களுக்கும் குழு பொறுப்பாளர்களுக்கும்

சேரும் ஒவ்வொருவரிடமும் அவருக்கு உள்ள நோய், எடுக்கும் மருந்து, அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திடலில் கல், முள், கண்ணாடித் துண்டுகள் உள்ளனவா என நாள்தோறும் பார்த்துப் பெருக்குங்கள். குடிநீர், சர்க்கரை, முதலுதவிப் பெட்டி ஆகியவை எப்போதும் கைவசம் இருக்கட்டும். மூத்தோர் இடையில் அமர்ந்து ஓய்வெடுக்க நாற்காலிகள் போடுங்கள். அமர்ந்திருப்பவரும் பின்பாட்டுப் பாடலாம், கை தட்டலாம். ஒருநாள் அமர்ந்து பாடியவர் மறுநாள் எழுந்து ஆடுவார். ஓய்வெடுக்கக் கூசியவர் மறுநாள் வாராமலே போய்விடுவார்.

நிறைவாக

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெண்மணி, மாத்திரையை இரவு உணவுடன் எடுத்துக்கொள்ளுமாறும், மாலையில் சிற்றுணவு உண்டு செல்லுமாறும் மாற்றிக்கொண்டபின் மயக்கமின்றித் தொடர்ந்து ஆடினார், அரங்கேற்றத்திலும் கலந்துகொண்டார். நோய் இருக்கிறது என்பதற்காக ஆட்டத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆட்டம் இருக்கிறது என்பதற்காக நோயை மறந்துவிடவும் கூடாது. பயிற்சியில் சேர எண்ணியுள்ளவர் இந்த வாரமே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாதங்களையும் பரிசோதித்துக்கொண்டு, பயிற்சி நேரத்தை மருத்துவரிடம் கூறி, மருந்து வேளையை உறுதி செய்துகொள்ளுங்கள். அரங்கேற்றம் முடிந்தபின்னும் வாரத்தில் சில மாலைகளாவது குழுவாகக் கூடி ஆடுங்கள். இக்கட்டுரையில் கூறிய நன்மைகள் தொடர்ந்து ஆடுவோருக்கே நிலைக்கும்.